ஏழரை

பேட்டரி மேல் ஒட்டியிருந்த தாளில்
ஏழரை ஆம்பியர் என்று போட்டிருந்தது.
அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாய்.
வடசேரியில் ஒரு வங்கிப் பியூன்
மூட்டு வலிக்கென்று வாங்கி
ஆறு மாதத்தில் வலி போய்
விற்றுப்போட்ட மின்சார சைக்கிள்.
பச்சை நிறம். முன்னால் கூடை.
மணி அடிக்காது.

"ஓசிக்கு பஸ்சு ஓடுதுல்லா,
உனக்கு என்ன எளவுக்கு இது?"
அண்ணன் கேட்டான்.
ஓசி பஸ் வருவது ஐந்தே முக்காலுக்கு.
ஆரல்வாய்மொழி மில்லில்
நான் விரல் வைக்க வேண்டியது ஆறு மணிக்கு.
பஸ்சுக்கும் விரலுக்கும் நடுவில்
எத்தனை அரைநாள் சம்பளம் விழுந்து செத்ததென்று
அவனுக்கு என்ன தெரியும்.

மிக்சி குத்துகிற பிளக்கில் சார்ஜர்.
சிவப்பு விளக்கு பச்சையாகும்வரை
முதல் மாதம் நான் தூங்கவில்லை.
பால் அடுப்பில் இருப்பதுபோலவே இருந்தது.

சித்திரையும் வைகாசியும் ஒன்றும் சொல்லவில்லை.
ஆனி பிறந்ததும் காற்று வந்தது.
விடியுமுன் வெள்ளமடம் தாண்டினால்
முதுகில் கைவைத்துத் தள்ளும்.
பெடலில் கால் சும்மா கிடக்கும்.
மோட்டாருக்கே வேலையில்லை.
நல்ல காற்று என்று நம்பினேன்.

இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்து திரும்பினால்
அதே காற்று, அதே கை,
இப்போது நெஞ்சில்.

முப்பந்தலில் அத்தனை காற்றாடியும் சுற்றுகிறது.
அதில் விளைந்த கரண்டில்தான்
என் வண்டி ஓடுகிறதாம், சஜின் சொல்வான்.
இருக்கலாம்.
ராத்திரி தந்ததை மத்தியானம் வட்டியோடு
ரோட்டில் நிறுத்திக் கேட்கிறது.

ஒருநாள் தோவாளைக்கு இந்தப் பக்கம்
கடைசிக் கோடும் அணைந்துவிட்டது.
இருபத்துநாலு கிலோ இரும்பு,
ஒரு டிபன் செட்,
தலையெல்லாம் பஞ்சோடு நான்.
லாரிக்காரன் ஒருத்தன் ஹாரன் அடித்துச் சிரித்தான்.
அவன் முன்னால் இறங்கக்கூடாதென்று மிதித்தேன்.
அவன் வளைவு திரும்பியதும்
இறங்கித் தள்ளினேன்.

ஒழுகினசேரியில் சஜின் கடை.
"அக்கா, வேகம் வேணுமா, தூரம் வேணுமா?"
இப்படி எதையும் யாரும்
என்னிடம் கேட்டதில்லை.
ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தேன்.
"வோல்ட்டக் கூட்டுனா பறக்கும், கண்ட்ரோலர் கருகும்.
ஆம்பியரக் கூட்டுனா பைய போவும்,
ஆனா வீடு சேத்துரும்."

தூரம், என்றேன்.

தீபாவளி போனஸ் வரை பொறுத்து
பதினாலு ஆம்பியர் போட்டேன்.
ஒன்பதாயிரத்து இருநூறு.
பிரேக் கட்டை மாற்றினேன்.
பின்னால் கனத்த கேரியர் வைத்து
பழைய மெத்தையின் ஸ்பாஞ்சைத் தைத்தேன்.
அதற்குள் காற்று நின்றுவிட்டது.
திருடன் ஊரைவிட்டுப் போன பிறகு
பூட்டு வாங்கினவள் மாதிரி
நல்ல பேட்டரியோடு நாலு நாள்
சும்மா போய்வந்தேன்.

ஐந்தாம் நாள்
வெள்ளமடம் விலக்கில் பஸ்சுக்கு நின்ற
லில்லி புஷ்பத்தின் முன்னால் பிரேக் பிடித்தேன்.
ஸ்பின்னிங்கில் எனக்கு அடுத்த மெஷின்.
அவளுக்கும் அதே விரல், அதே ஆறு மணி.
"ஏறுட்டி."
ஸ்பாஞ்சைத் தொட்டுப் பார்த்தாள்.
"இது யாருக்குத் தச்சது?"
பதில் சொல்லவில்லை. ஏறினாள்.
சைக்கிள் ஒரு தடவை முனகி
பிறகு ஒத்துக்கொண்டது.

சார்ஜுக்கென்று சனிக்கிழமை தோறும்
கூடையில் இருபது ரூபாய் போடுகிறாள்.
அவ்வளவு ஆகாது என்றால் கேட்பதில்லை.
மாசியில் ஒருநாள் திரும்பும்போது
பின்னாலிருந்து கேட்டாள்:
"ஆனியில காத்து வருமே.
அப்போ என்னைய எறக்கி விட்டுருவியா?"

கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினேன்.

"ஒட்டி இரி.
ஒரு ஆளுன்னு நெனச்சுக்கிடும்."

அவள் தாடையை என் தோளில் வைத்தாள்.
டிபன் பாத்திரங்கள் இரண்டும் கூடையில் முட்டிக்கொண்டன.
மூன்று கோடு இருந்தது.
இரண்டாகவும் இருக்கலாம்,
வெயிலில் சரியாகத் தெரியவில்லை.